கிரிப்ஸ் வெறும் தபால்காரர்தானா?

ஜூன் 3, ஒரு வாசகரின் கேள்வி

குரூப் 1 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கிரிப்ஸுக்கு ஒரே ஒரு பத்திதான். பிரிட்டிஷ் மந்திரியாக, போருக்குப் பின் இந்தியாவுக்குத் தன்னாட்சி என்ற திட்டத்தோடு 1942 மார்ச்சில் வந்தார், காங்கிரஸ் மறுத்தது, காந்தி ‘பின்தேதியிட்ட காசோலை’ என்றார், கிரிப்ஸ் திரும்பிப் போனார். சர்ச்சில் கொடுத்த கடிதத்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன தபால்காரர், அவ்வளவுதான் என்கிறான் என் நண்பன். இதற்கு மேல் அந்த மனிதரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஏதாவது இருக்கிறதா?

ஜூன் 3, இரவு

தபால்காரர் இல்லை, வக்கீல். அது தெரியாவிட்டால் 1942-இல் நடந்தது எதுவும் புரியாது. நான் நெல்லையில் முப்பது வருடமாக சிவில் வழக்குகள் நடத்துகிறேன். அதற்கு முன் பி.எஸ்சி. வேதியியல். ஸ்டாஃபோர்டு கிரிப்ஸும் வேதியியல் படித்துவிட்டு கோர்ட்டுக்கு வந்தவர். அந்த ஒரு காரணத்துக்காகவே சட்டக் கல்லூரி நாளிலிருந்து அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். நாளை கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஜூன் 4

பிறந்தது 1889, லண்டன். அப்பா சார்லஸ் கிரிப்ஸ் பெரிய வக்கீல், கன்சர்வேடிவ் எம்.பி., பிறகு பார்மூர் பிரபு. வயதான காலத்தில் தொழிற்கட்சி அரசிலேயே மந்திரியானவர். அம்மாவின் தங்கை பியாட்ரிஸ் வெப், ஃபேபியன் சோஷலிஸ்டுகளில் முன்னணி ஆள். மகனுக்கு நான்கு வயதாகும்போதே அம்மா இறந்துவிட்டார்.

ஆக்ஸ்ஃபோர்டில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தும் பையன் போகவில்லை. சோதனைக்கூடம் அங்கே போதாது என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் ராம்சேயிடம் சேர்ந்தார். ஆர்கான், நியான், செனான் வாயுக்களைக் கண்டுபிடித்த அதே ராம்சே. இருபத்திரண்டு வயதில் செனான் வாயுவின் பண்புகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் கிரிப்ஸின் பெயரும் இருந்தது. அப்புறம்தான் சட்டம். 1913-இல் பாரிஸ்டர்.

முதல் உலகப்போர் வந்தது. செஞ்சிலுவைச் சங்கத்துக்காக பிரான்ஸில் வண்டி ஓட்டினார். வேதியியல் தெரிந்த ஆளை அங்கே வைத்திருப்பானேன் என்று வெடிமருந்துத் தொழிற்சாலை நிர்வாகத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். குவீன்ஸ்ஃபெரி என்ற இடம். அங்கே இரவு பகலாக உழைத்ததில் குடல் கெட்டது. சாகும்வரை சரியாகவில்லை. பிற்காலத்தில் அவர் சைவமாக இருந்ததையும் மது தொடாததையும் இங்கே பலர் ‘காந்தி வழி’ என்று எழுதுகிறார்கள். சாப்பாட்டை மாற்ற வைத்தது முதலில் அந்த வயிறுதான்.

போர் முடிந்ததும் காப்புரிமை வழக்குகள், இழப்பீட்டு வழக்குகள். இயந்திரமோ ரசாயனமோ, எதிர்த்தரப்பு நிபுணர் கூண்டில் ஏறினால் அவருக்கே பாடம் எடுக்கிற அளவுக்குத் தயாராகி வருவார். 1927-இல் கே.சி. (கிங்ஸ் கவுன்சல்) பட்டம், அங்கே மூத்த வக்கீல்களுக்குத் தருவது. அன்றைக்கு இருந்த கே.சி.க்களில் அவரே இளையவர்.

இதைப் படிக்கும்போதெல்லாம் என் ஜூனியர் நாட்கள் ஞாபகம் வரும். சாயப்பட்டறைக் கழிவு கலந்த கிணறு பற்றி ஒரு வழக்கு. ஆய்வக அறிக்கையைப் பார்த்து சீனியர் தலையில் கை வைத்துவிட்டார். மூன்று வருடம் பிப்பெட்டும் பியூரெட்டும் பிடித்த கை என்பதால் அதில் ஓர் அலகு தப்பாக இருந்தது என் கண்ணில் பட்டது. ஒரு பூஜ்யம்தான். வழக்கே அதில் திரும்பியது. கிரிப்ஸுக்கு எதிரே நின்றவர்களின் நிலைமை எனக்கு நன்றாகவே புரியும்.

ஜூன் 4, கொஞ்ச நேரம் கழித்து

மனைவியைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. 1911-இல் இசபெல் ஸ்வித்தின்பேங்கை மணந்தார். அந்த அம்மாவின் தாய்வழித் தாத்தாதான் ஈனோ உப்பை உண்டாக்கி விற்ற ஈனோ. எங்கள் ஆச்சி வீட்டு அலமாரியில் ஓமத்திரவத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஈனோ பாட்டில் இருக்கும். கல்யாண விருந்துக்கு மறுநாள் ஆளுக்கு ஒரு கரண்டி. பிரிட்டிஷ் சோஷலிஸ்ட் ஒருவரின் குடும்பச் சொத்தில் நம் ஊர் அஜீரணத்துக்கும் பங்கு உண்டு!

ஜூன் 5

‘பணக்கார வீட்டுப் பிள்ளை சோஷலிசம் பேசுவது சுலபம்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்குத்தான் இது. கிரெஸ்ஃபோர்டு பற்றிப் படியுங்கள்.

1934 செப்டம்பர் 22, வடக்கு வேல்ஸில் ரெக்ஸம் பக்கத்தில் கிரெஸ்ஃபோர்டு நிலக்கரிச் சுரங்கம். பின்னிரவில் வெடிப்பு. 266 பேர் செத்தார்கள். காப்பாற்ற இறங்கியவர்களும் அதில் அடக்கம். தீ அடங்காததால் சுரங்கவாயை மூடிவிட்டார்கள். வெளியே எடுத்த உடல்கள் பதினொன்றுதான், மற்றவர்கள் இன்றும் உள்ளேயே கிடக்கிறார்கள். அன்றைய ஷிஃப்டை முடிக்கவில்லை என்று செத்தவர்களின் கூலியில் பிடித்தம் செய்ததாக அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள்.

விசாரணையில் தொழிலாளர் சங்கத்துக்காக கிரிப்ஸ் ஆஜரானார். ஒரு பைசா வாங்கவில்லை. காற்றோட்டம் எவ்வளவு, மீத்தேன் எவ்வளவு, எந்தப் பாதையில் காற்று நின்றுபோனது என்று அவர் தோண்டத் தோண்டப் பதிவேட்டின் லட்சணம் வெளியே வந்தது. காற்றை அளந்து எழுத வேண்டிய ஆள், அளக்காத நாட்களுக்கும் அளந்ததாக எழுதியதைக் கூண்டில் ஒப்புக்கொண்டார். மேலாளர் சொல்லித்தான் எழுதினாராம்.

பத்து வருடத்துக்கு முன்னால் நானும் ஒரு பட்டாசு ஆலை விபத்து வழக்கில் இறந்தவர்களின் குடும்பத்துக்காக நின்றேன். ஆலையின் பாதுகாப்புப் பதிவேடு வந்தது. மூன்று மாதத்துப் பதிவுகள், தினமும் காலை எட்டு மணி, எல்லாம் ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், மகளைப் பறிகொடுத்தவர், ‘அந்த நோட்டுல என்ன சார் எழுதியிருக்கு?’ என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு ராத்திரி கிரெஸ்ஃபோர்டு பற்றி மறுபடியும் எடுத்துப் படித்தேன். அவர் செய்த மாதிரியே, பதிவேட்டை எழுதிய ஆளைத் தேதி தேதியாகக் கேட்டேன். அந்த ஆளும் கடைசியில் ஒப்புக்கொண்டார்.

ஜூன் 5, இரவு

தண்டனை என்ன என்று கேட்கிறீர்கள். 1937-இல் கம்பெனிக்கு அபராதம் 140 பவுண்டு. அதற்கு மேல் வழக்குச் செலவு. அவ்வளவுதான்.

ஜூன் 6

ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த விசாரணையில் சுரங்க முதலாளிகளுக்காக ஆஜரானவர் ஹார்ட்லி ஷாகிராஸ். 1945-இல் தொழிற்கட்சிப் பிரதமர் அட்லியின் அரசில் அட்டர்னி ஜெனரலாக வந்தது அவரேதான், நியூரம்பெர்க்கில் நாஜிகள் மீதான விசாரணையில் வாதாடியவர். அதே அரசில் கிரிப்ஸும் மந்திரி. கோர்ட் வாசலில் இதெல்லாம் சகஜம். நேற்று எதிர்த்தரப்பு, இன்று ஒரே மேசையில் டீ. ஆனால் கிரெஸ்ஃபோர்டு விதவைகளுக்கு இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று யோசித்தால் மனசு கனக்கிறது.

ஜூன் 7

இப்போது அரசியல். தமிழில் வக்கீலை அமர்த்தியவரையும் கட்சிக்காரர் என்கிறோம், அரசியல் கட்சியில் இருப்பவரையும் கட்சிக்காரர் என்கிறோம். கிரிப்ஸின் வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டு கட்சிக்காரர்களோடும் நடந்த மல்லுக்கட்டுதான்.

1930-இல் தொழிற்கட்சிப் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு அவரை சொலிசிட்டர் ஜெனரல், அதாவது அரசின் சட்ட அதிகாரி, ஆக்கினார். அப்போது எம்.பி. கூட இல்லை. 1931 ஜனவரியில் கிழக்கு பிரிஸ்டலில் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். அதே வருடம் ஆகஸ்டில் மெக்டொனால்டு கட்சியை உடைத்துக்கொண்டு தேசிய அரசு அமைத்தபோது, கூடவே இருங்கள் என்று கேட்டும் கிரிப்ஸ் மறுத்துவிட்டார். அடுத்து வந்த தேர்தலில் தொழிற்கட்சி சுருண்டது. லான்ஸ்பரி, அட்லி, கிரிப்ஸ் என்று மூவர்தான் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிச் சுமையைத் தூக்கினார்கள்.

அப்புறம் மனிதர் இடதுபக்கம் வேகமாக நகர்ந்தார். 1932-இல் சோஷலிஸ்ட் லீக், 1937-இல் ‘ட்ரிப்யூன்’ வார இதழ். ஹிட்லரை எதிர்க்க கம்யூனிஸ்டுகள், லிபரல்கள் எல்லோரையும் சேர்த்து முன்னணி கட்ட வேண்டும் என்று அடம்பிடித்ததில் 1939 ஜனவரியில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். சவுத்போர்டில் நடந்த கட்சி மாநாட்டில் பேச மட்டும் அனுமதித்தார்கள். கூட்டம் ஒரு முழக்கத்துக்காகக் காத்திருந்தது. இவரோ நடைமுறை விதி, நீக்கும் அதிகாரம், விளக்கம் கேட்கும் உரிமை என்று சட்டம் பேசினார். நீதிபதி இல்லாத இடத்தில் நீதிபதிக்குப் பேசுகிற பழக்கம் எங்கள் தொழிலில் பலருக்கு உண்டு. வீட்டிலும் அப்படிப் பேசுவோம்.

ஜூன் 7, இரவு

வியட்நாம் புரட்சித் தலைவர் ஹோ சி மின் வழக்கில் கிரிப்ஸ் இருந்தாரா என்று ஒருவர் கேட்டார். இருந்தார், ஆனால் எதிர்த்தரப்பில். 1931-இல் ஹாங்காங்கில் ஹோ கைதானார். நாடு கடத்தும் உத்தரவை எதிர்த்த வழக்கு, லண்டனில் காலனிகளுக்கான கடைசி அப்பீல் கோர்ட்டான பிரிவி கவுன்சில் வரை போனது. ஹோவுக்காக டி.என். பிரிட், ஹாங்காங் அரசுக்காக கிரிப்ஸ். இருவருமே இடதுசாரிகள். வழக்கு வாதத்துக்குப் போகாமல் 1932-இல் சமரசமாக முடிந்து, ஹோ பிரெஞ்சுக்காரர்கள் கையில் சிக்காமல் தப்பினார். நல்ல வக்கீலுக்கு எந்த வழக்கை வாதிடக்கூடாது என்பது தெரியும்.

ஜூன் 9

நண்பர் கேட்ட 1942-க்கு வருகிறேன்.

அப்போது கிரிப்ஸ் எந்தக் கட்சியிலும் இல்லை. 1940-இலிருந்து மாஸ்கோவில் தூதராக இருந்தார். ரஷ்யா போரில் இறங்கிய புகழ் அவர்மேல் விழுந்தது. 1942 ஜனவரியில் ஊர் திரும்பியபோது சர்ச்சிலுக்கு மாற்று இவர்தான் என்று பேசும் அளவுக்குச் செல்வாக்கு. பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது. நான்கு நாளில் இவரைப் போர் அமைச்சரவைக்குள் சேர்த்தார்கள். மார்ச் 8 ரங்கூன் விழுந்தது. மார்ச் 23 இவர் டெல்லியில். போர் முடிந்ததும் டொமினியன் அந்தஸ்து (பிரிட்டிஷ் முடியின் கீழ் தன்னாட்சி), அரசியல் நிர்ணய சபை, சேர விரும்பாத மாகாணம் விலகி நிற்கலாம் என்ற வரைவைத் தானே எழுதிக் கையில் கொண்டுவந்தார்.

நம் ஊர்க் கதையும் இதற்குள் இருக்கிறது. மார்ச் 30 பெரியார் தலைமையில் நீதிக்கட்சித் தூதுக்குழு அவரைச் சந்தித்து, சென்னை மாகாணம் தனியே நிற்க வழி கேட்டது. மாகாணச் சட்டமன்றத்திலோ வாக்கெடுப்பிலோ பெரும்பான்மை இல்லாமல் வழியில்லை என்பதுதான் அவர் கையிலிருந்த திட்டம். ஏப்ரல் 5 கொழும்பில் ஜப்பான் குண்டு, 6 விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். சென்னையில் ஜனம் மூட்டை முடிச்சோடு ரயில் ஏறியது. என் தாத்தா அப்போது பாரிமுனையில் குமாஸ்தா. குடும்பத்தை நெல்லைக்கு அனுப்பிவிட்டுத் தனியாகப் பொங்கித் தின்ற கதையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். டெல்லியில் அந்த வாரம் நடந்த பேச்சுவார்த்தைக்கும் அந்த அரிசிப் பானைக்கும் தொடர்பு உண்டு என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

பேச்சு முறிந்தது பாதுகாப்புத் துறையில்தான். அந்தத் துறை இந்தியர் கையில் வருமா? கிரிப்ஸ், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் அனுப்பிய லூயிஸ் ஜான்சனோடு சேர்ந்து ஒரு நடுவழி கண்டுபிடித்தார். இந்திய உறுப்பினருக்குப் பாதி, தலைமைத் தளபதிக்குப் பாதி. நேருவும் ஆசாத்தும் அசைந்து கொடுத்தார்கள். ஆனால் வைஸ்ராய் லின்லித்கோவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் லண்டனுக்குத் தந்தியடித்தார். சர்ச்சில் கயிற்றை இழுத்துவிட்டார். வைஸ்ராயின் நிர்வாக சபை ‘கேபினட் மாதிரி நடக்கும்’ என்று நம்பிக்கை கொடுத்துவிட்டு, கடைசியில் வைஸ்ராயின் அதிகாரம் அப்படியே இருக்கும் என்றார் கிரிப்ஸ். ஏப்ரல் 10 காங்கிரஸ் மறுத்தது. 12-ஆம் தேதி அவர் கிளம்பினார்.

கட்சிக்காரரைக் கேட்காமல் சமரசம் பேசிய வக்கீல். இதுதான் நடந்தது. நானும் இதைச் செய்திருக்கிறேன். ஒரு பாகப்பிரிவினை வழக்கு, பதினெட்டு வருடம் இழுத்தது. எதிர்த்தரப்பு வக்கீலோடு உட்கார்ந்து வரப்பு வரப்பாகப் பேசி முடித்துவிட்டேன். நியாயமான ஏற்பாடுதான். கையெழுத்துக்குப் போனபோது பெரியவர் எழுந்து நின்று, ‘கிணத்தை விட்டுக்கொடுக்க நீங்க யாரு சார்?’ என்றார். எதிர்த்தரப்பு என்னைப் பொய்யன் என்று நினைத்தது, என் பெரியவர் என்னைத் துரோகி என்று நினைத்தார். அந்தச் சாயங்காலத்தில்தான் எனக்கு கிரிப்ஸ் முழுசாகப் புரிந்தார்.

ஜூன் 10

நேற்று எழுதியதில் திருத்தம். வரைவை கிரிப்ஸ் ‘தானே எழுதி’ வந்தார் என்றது தப்பு. அட்லி தலைமையில் போர் அமைச்சரவையின் இந்தியக் குழு ஒன்று இருந்தது. இவர் அதில் ஒரு உறுப்பினர். வரைவு அந்தக் குழுவிலிருந்து வந்தது. இவர் கை அதில் பெரிது, அது வேறு.

காந்தி சொன்ன ‘பின்தேதியிட்ட காசோலை’ விஷயமும். ‘திவாலாகும் வங்கியின் மேல்’ என்ற வாலை ஒரு பத்திரிகையாளர் ஒட்டினார் என்று சொல்வார்கள். தேர்வில் வாலை எழுதாதீர்கள்.

ஜூன் 11

‘அப்படியானால் அவர் நல்லவர், சர்ச்சில் கெட்டவர், இதுதானே சொல்ல வருகிறீர்கள்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. எனக்கு கிரிப்ஸ்மேல் ஒரு கோபம் உண்டு, அது ஆறவில்லை. லண்டன் போனதும் நடந்ததை நடந்தபடி சொல்லவில்லை. தோல்விக்குக் காங்கிரஸையே குற்றம் சொன்னார். 1938-இல் தன் வீட்டுக்கு வந்து தங்கி, அட்லியோடு உட்கார்ந்து அரசியல் நிர்ணய சபைக்கு வழி பேசிய நேருவை விட்டுக்கொடுத்தார். கட்சிக்காரர் தன்னைக் கைவிட்ட பிறகும் அவரைக் காப்பாற்றிப் பேசுவது தொழில் தர்மமாக இருக்கலாம். எதிர்த்தரப்பின் மேல் பழி போட்டுக் காப்பாற்றுவது எந்த தர்மத்திலும் சேராது. அந்த வருடம் ஆகஸ்டில் நேருவும் ஆசாத்தும் காந்தியும் சிறையில். பிரிட்டனில் யாரும் கேள்வி கேட்காமல் இருக்க கிரிப்ஸின் நல்ல பெயர் உதவியது.

ராஜாஜியின் நிலை வேறு. பேச்சைத் தொடர்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தவர் அவர். ஏப்ரல் 23 சென்னையில் முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையை ஏற்கச் சொல்லித் தீர்மானம் போட்டு, காங்கிரஸ் செயற்குழுவிலிருந்து விலகினார். அவரும் வக்கீல்தான்.

ஜூன் 12

சோவியத்தின் மிக் போர் விமானத்துக்கு எஞ்சின் கிடைக்க கிரிப்ஸ்தான் காரணமா என்று கேட்டவருக்கு: உண்மைதான். 1946-இல் வர்த்தக மந்திரியாக இருந்தபோது ரோல்ஸ் ராய்ஸின் நீன் ஜெட் எஞ்சினை சோவியத்துக்கு விற்க கிரிப்ஸ் ஒப்புக்கொண்டார். அதைப் பிரதியெடுத்து மிக்-15-இல் வைத்தார்கள். கொரியப் போரில் எதிரே வந்தது அந்த விமானம். போரின்போது விமான உற்பத்தி மந்திரியாக இருந்த மனிதர், எஞ்சின் என்றால் என்னவென்று தெரிந்தவர். விற்பனைக்கு ஆதரவாக என்னென்ன காரணம் சொன்னாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஜூன் 15

1946-ஐ யாரும் கேட்கவில்லை, ஆனால் என்னைப் பொறுத்தவரை அதுதான் முக்கியம். பெதிக் லாரன்ஸ், ஏ.வி. அலெக்ஸாண்டர், கிரிப்ஸ் என்ற மூன்று பிரிட்டிஷ் மந்திரிகளும், இந்தியாவிடம் ஆட்சியை ஒப்படைக்க வழி பேச வந்த அமைச்சரவைத் தூதுக்குழு. மே 16 அறிக்கையின் வாசகத்தில் கிரிப்ஸின் கை நிறைய உண்டு. மாகாணங்கள் குழுக்களாகச் சேர்வது பற்றி 15-ஆம் பத்தி ‘சுதந்திரம் உண்டு’ என்கிறது. 19-ஆம் பத்தியைப் படித்தால் பிரிவுகளில் உட்காருவது கட்டாயம் மாதிரி இருக்கிறது. காங்கிரஸ் முதலாவதைப் படித்தது, லீக் இரண்டாவதைப் படித்தது. இருவரும் ஏற்றுக்கொண்டார்கள்.

இருதரப்பும் கையெழுத்துப் போடவேண்டும் என்று இப்படி இரண்டு அர்த்தம் வருகிற வரி எழுதுவது எங்களுக்குத் தெரிந்த வித்தைதான். வரப்புத் தகராறில் அது ஐந்து வருடம் அமைதி வாங்கித் தரும். ஒரு நாட்டை அந்த மாதிரி வரியின் மேல் நிறுத்த முடியவில்லை. ஜூலையில் நேரு பம்பாயில், காங்கிரஸ் அந்தத் திட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல என்கிற மாதிரி நிருபர்களிடம் பேசினார், லீக் ஒப்புதலைத் திரும்பப் பெற்றது, ஆகஸ்டில் கல்கத்தா கலவரம். டிசம்பர் 6 பிரிட்டிஷ் அரசு லீகின் வாசிப்பே சரி என்றது. அதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது.

அந்த மே மாதம் டெல்லி வெயிலில் அவர் குடல் மறுபடி மோசமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இசபெல் லண்டனிலிருந்து பறந்து வந்தார். உடம்பு சரியாக இருந்திருந்தால் அந்த வரிகளைத் திருத்தியிருப்பாரா என்று யோசித்திருக்கிறேன். இல்லை, வரி எழுதியாகிவிட்டது. தெரிந்தேதான் எழுதினார்.

ஜூன் 16

ஜூன் 9-இல் ‘கட்சிக்காரரைக் கேட்காமல் சமரசம் பேசினார்’ என்று எழுதினேனே, அது பாதிதான் சரி என்று இன்று படுகிறது. டெல்லியில் அவருடைய கட்சிக்காரர் யார் என்பதே அவருக்கு நிச்சயமாக இருந்ததா? வக்காலத்து சர்ச்சில் கொடுத்தது. மனசு அட்லி, நேரு பக்கம். வக்காலத்து ஓரிடத்திலும் மனசு ஓரிடத்திலும் இருந்தால் வழக்கை விட்டு விலகிவிட வேண்டும். சங்கடமான வேலைதான், நானும் இரண்டு தடவை விலகியிருக்கிறேன். அவர் விலகவில்லை.

ஜூன் 18

நிதி மந்திரியாக அவர் எப்படி? சுருக்கமாக. 1947 நவம்பரில் அப்போதைய நிதி மந்திரி டால்டன், பட்ஜெட்டை ஒரு நிருபரிடம் முன்கூட்டி உளறி ராஜினாமா செய்ததால் கிரிப்ஸ் வந்தார். இறக்குமதியைக் குறை, ஏற்றுமதியைக் கூட்டு, வயிற்றைக் கட்டு. விடியுமுன் எழுந்து கோப்பு பார்க்கிறவர் சொன்னதால் ஜனம் பொறுத்துக்கொண்டது. பவுண்டின் மதிப்பைக் குறைக்க மாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். 1949 செப்டம்பர் 18 ஞாயிறு ராத்திரி வானொலியில் 4.03 டாலரிலிருந்து 2.80 டாலருக்குக் குறைத்தார். இந்தியா ரூபாயையும் கூடவே குறைத்தது, பாகிஸ்தான் குறைக்கவில்லை. எல்லையில் சணல் வியாபாரம் ஸ்தம்பித்தது.

பொய் சொன்னார் என்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் தாக்கினார். எந்த நிதி மந்திரியும் முன்கூட்டி ஒப்புக்கொள்ள முடியாது என்பது சர்ச்சிலுக்கும் தெரியும், அவரே அந்தப் பதவியில் இருந்தவர். கிரிப்ஸ் நொந்துபோனார். பிரிஸ்டல் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் தர இருந்தது. அதன் வேந்தர் சர்ச்சில். அந்தக் கையிலிருந்து வாங்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

ஜூன் 21

குடும்பம் பிறகு என்ன ஆனது என்ற கேள்வியோடு நான் முடித்துக்கொள்கிறேன், அடுத்த வாரம் எனக்கு மூன்று வாதம் இருக்கிறது.

1950 அக்டோபரில் உடம்பு முடியாமல் பதவி விலகினார். 1952 ஏப்ரல் 21 சூரிச்சில் இறந்தார். இன்னும் மூன்று நாளில் அறுபத்து மூன்று நிறைந்திருக்கும். மறு வருடம் கடைசி மகள் பெகி, லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த கோல்டு கோஸ்ட் (இன்றைய கானா) இளைஞர் ஜோ அப்பியாவை மணந்தார். ஒரு முன்னாள் நிதி மந்திரியின் மகள் கறுப்பினத்தவரை மணக்கிறாள் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. ஜோ ஊருக்குத் திரும்பி வக்கீலானார், எம்.பி. ஆனார், அந்த நாட்டின் தலைவர் நக்ருமாவை எதிர்த்தார், 1961-இல் விசாரணை இல்லாமல் சிறைக்குப் போனார். பெகி இங்கிலாந்துக்குத் திரும்பிவிடவில்லை. குமாசியிலேயே இருந்தார், அசாந்தி மக்களின் அனான்சி சிலந்திக் கதைகளைக் குழந்தைகளுக்காக எழுதினார், 2006-இல் அங்கேயே இறந்தார்.